லேபிள் இல்லாத டின்

ஏப்ரல் 4

தூள் கடை முதலாளி அவர்களுக்கு,

நகராட்சி நீச்சல் குளத்திலிருந்து எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து யார் என்று உங்களுக்குத் தெரியாது. என் கையெழுத்தை நீங்கள் பார்த்ததே இல்லை. உங்கள் அக்கா.

உங்களோடு இனிப் பேசுவதில்லை என்று நான் சொன்னது சொன்னதுதான். அதில் மாற்றம் இல்லை. பேசுவது வாய், எழுதுவது கை. கைக்கு நான் எந்தச் சபதமும் போடவில்லை. மரியாதை கொடுத்து எழுதுகிறேன் என்று மகிழ வேண்டாம். வேற்று ஆளுக்குக் கொடுக்கிற மரியாதை இது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பும் புதுத் தூள் கெட்ட தூள்.

முன்பு குளோரின் தூளைத்தான் அதிகமாகப் போட்டுக் குளத்தை அலசுவோம். அதைப் போட்டால் நெடுநேரம் யாரையும் இறங்க விட முடியாது. குளோரின் இல்லாத ஷாக் தூள் என்று ஒன்று வந்திருக்கிறது, போட்டுக் கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகளை இறக்கலாம் என்று நீங்கள்தான் என் மகளிடம் போனில் சொன்னீர்கள். "சித்தப்பா சொன்னாரு"ன்னு அவள் ஆரம்பித்தபோதே, அவர் உனக்குச் சித்தப்பா இல்லை, மாமா என்று திருத்தினேன். பதற்றத்தில் உறவுமுறையே மாறிப்போகிறது அவளுக்கு. ஒப்பந்தம் அவள் பெயரில் இருக்கிறது. பதறத்தானே செய்வாள்.

அந்தத் தூளைப் போட ஆரம்பித்ததிலிருந்துதான் எல்லாம். சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்து, குளோரின் பார்க்கிற முதல் மாத்திரையைப் போட்டால் அளவான ரோஸ் நிறம் வருகிறது. அது நல்ல குளோரின். அதே குப்பியில் இரண்டாம் மாத்திரையைப் போட்டால் ரோஸ் அடர்ந்து பீட்ரூட் சாறு மாதிரி ஆகிறது. அப்படிக் கூடுகிற நிறம் எல்லாம் கெட்டுப்போன குளோரின் என்பது உங்களுக்கே தெரியும். வேர்வை, அழுக்கு, குழந்தைகள் தண்ணீரில் செய்யும் காரியம் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு எதற்கும் உதவாமல் நிற்கும் குளோரின். அதை எரிப்பதற்குத்தானே ஷாக் தூள்? போடுகிறேன். எரியவில்லை. இன்னும் போடுகிறேன். இன்னும் அடர்கிறது.

சுகாதார அதிகாரி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வருகிற இருபத்தைந்தாம் தேதி மூன்றாம் தடவை வருகிறார். அன்றும் நிறம் அடர்ந்தால் குளத்துக்குப் பூட்டு, ஒப்பந்தம் வேறு ஆளுக்கு. என் மகளும் பேத்தியும் அப்புறம் எந்தத் தண்ணீரில் நீந்துவார்கள், எதைச் சாப்பிடுவார்கள் என்று நீங்கள் யோசிக்க வேண்டாம். அதை நான் யோசிக்கிறேன். நீங்கள் நல்ல தூள் அனுப்புங்கள், போதும்.

இப்படிக்கு,
ரெண்டாங்கிளாஸோடு நின்றவள்

பி.கு: நீங்கள் சாப்பாட்டோடு எடுத்துப்போன என் தூக்குவாளி திரும்பி வந்தது, அதன் மூடி இன்னும் வரவில்லை.


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் பிரித்ததும் யாரோ மிரட்டல் கடிதம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பாதி படிக்கும்போதே உன் குரல் கேட்டுவிட்டது. கடைப் பையன்களிடம் "எங்க அக்கா எழுதியிருக்கா"ன்னு காட்டினேன். மூடி விஷயம் வருகிற இடத்தை மட்டும் கையால் மறைத்துக்கொண்டேன்.

எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. எப்போது கற்றுக்கொண்டாய்? யாரிடம்?

சரி, கோபப்படாதே, விஷயத்துக்கு வந்துவிட்டேன். தூள் கெட்டுப்போகவில்லை அக்கா. உனக்கு அனுப்பிய அதே மூட்டையிலிருந்துதான் மூன்று ஊருக்குப் போயிருக்கிறது. ஒருவரும் குறை சொல்லவில்லை. உடனே "அப்போ என்னைத்தான் குறை சொல்றியா" என்று கேட்பாய். இல்லை. சில விஷயம் கேட்கிறேன், பதில் மட்டும் எழுது.

காலையில் குளத்துக்குப் போனதும் முதலில் என்ன செய்கிறாய், அடுத்து என்ன செய்கிறாய், வரிசையாக எழுது. கெட்ட குளோரின் இருந்தால் அடிக்குமே, அந்த மூக்கைத் துளைக்கிற நெடி தண்ணீரில் வருகிறதா? நீந்திவிட்டு வரும் பிள்ளைகளின் கண் சிவக்கிறதா? அதிகாரி வந்த அந்த இரண்டு நாளும் தூள் எப்போது போட்டாய்?

இந்தத் தூள் அழுக்கைத்தான் எரிக்கும். கிருமியைக் கொல்வது குளோரின் மட்டுமே. நிறம் அதிகமாகத் தெரிகிறதே என்று குளோரினைக் குறைத்துவிடாதே. அதை மட்டும் செய்யாதே அக்கா, கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன் தம்பி

மூடியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.


ஏப்ரல் 11

முதலாளி அவர்களுக்கு,

எழுத்தை யாரிடம் கற்றேன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகள் ஒன்றாம் வகுப்புப் படித்தபோது அவளோடு சேர்ந்து ஒன்றாம் வகுப்பு படித்தேன். அவள் பத்தாவது முடித்தபோது நானும் முடித்தேன், பரீட்சை மட்டும் எழுதவில்லை. அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? புதுக்கடை திறந்த அன்று, ஒரு குளத்துக்காரர், "உங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே, அவங்க குளத்தைப் பார்த்துக்கிறவங்கதானே" என்றபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அவளப் போயி கேக்குறீங்களே, ரெண்டாங்கிளாஸு, டின்னுல என்ன எழுதியிருக்குன்னுகூட படிக்கத் தெரியாது" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். கையில் டீ கப். சாம்பல் நிறச் சட்டை, மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. அந்தக் குளத்துக்காரரும் சிரித்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் தட்டை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த ரெண்டாங்கிளாஸோடு நான் எதற்கு நின்றேன்? வீட்டில் குண்டுக் குழந்தை ஒன்று இருந்தது, அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இறக்கிவிட்டால் நீ அழுவாய்.

பதில் கேட்டீர்கள், எழுதுகிறேன்.

போனதும் மோட்டாரைப் போடுவேன். குளோரினைப் போடுவேன், அதை ஒரு நாளும் குறைத்ததில்லை, எனக்கு அவ்வளவு அறிவு இருக்கிறது. பிறகு ஷாக் தூளை அளந்து ஓரமாகத் தூவிக்கொண்டே ஒரு சுற்று வருவேன். தண்ணீர் சுழன்று கலக்கட்டும் என்று தளத்தைக் கூட்டுவேன். கூட்டி முடித்ததும் குப்பியில் தண்ணீர் எடுத்து மாத்திரை போடுவேன். உப்பைப் போட்டுக் கலக்கிய பிறகுதானே ருசி பார்ப்பார்கள்? போடாமலே ருசி பார்க்கிறவளை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

நெடி இல்லை. என் மூக்கைப் பற்றி உனக்குத் தெரியும், பக்கத்து வீட்டில் பால் தீய்ந்தால் இங்கிருந்தே சொல்லுவேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது. குட்டிகள் கண்ணை அகல விழித்துக்கொண்டுதான் கரையேறுகிறார்கள், ஒன்றின் கண்ணும் சிவக்கவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். மூக்கு நல்லது என்கிறது, கண் நல்லது என்கிறது, மாத்திரை மட்டும் கெட்டது என்கிறது. அதிகாரி மாத்திரையைத்தான் கேட்கிறார்.

அவர் வந்த இரண்டு நாளும் காலையில் தூள் போட்டேன். பெரிய மனிதர் வருகிறாரே என்று இன்னொரு பங்கு சேர்த்தே போட்டேன்.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. பம்ப் அறைக் குழாய் வெடித்து, அதைச் சரிசெய்ய ஆள் வந்து போனானே, அந்த வாரம் தூள் போடவே எனக்கு நேரம் இல்லை. அந்த வாரக் கடைசியில் மாத்திரை போட்டுப் பார்த்தேன், இரண்டாம் மாத்திரைக்கு நிறம் கொஞ்சம்கூட ஏறவில்லை. மாத்திரை பழசாகிச் செத்துவிட்டது என்று அந்த அட்டை முழுவதையும் குப்பையில் போட்டுவிட்டுப் புது அட்டை வாங்கினேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாகனம்


ஏப்ரல் 15

அக்கா,

உன் கடிதத்தில் நீங்கள் என்று ஆரம்பித்து, இடுப்பில் இருந்த குழந்தை வந்ததும் நீ என்று மாறிவிட்டாய். நான் கவனித்துவிட்டேன் என்று சொல்லிவைக்கிறேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் சிரித்ததைப் பற்றி நேரில் சொல்கிறேன். கடிதத்தில் அது வராது எனக்கு. முதலில் குளம்.

அந்த அட்டை மாத்திரை சாகவில்லை அக்கா. உன் குளத்தில் உண்மை சொன்ன ஒரே அட்டை அதுதான். அதைத்தான் நீ குப்பையில் போட்டாய்.

கேள். இந்தத் தூளில் குளோரின் கிடையாது. ஆனால் குளோரினைப் போலவே அழுக்கை எரிக்கிற குணம் இருக்கிறது. உன் இரண்டாம் மாத்திரை இருக்கிறதே, அது நம் பழைய தெரு வாட்ச்மேன் மாதிரி. தொப்பி போட்டவர் எல்லாம் அதிகாரி என்று தபால்காரருக்கும் எழுந்து நின்று சலாம் வைப்பாரே, அப்படி. எரிக்கிற குணம் எதில் இருந்தாலும் ரோஸ் நிறம் காட்டிவிடும். தண்ணீரில் மிச்சமிருக்கும் தூளைப் பார்த்துக் கெட்ட குளோரின் என்று சலாம் வைக்கிறது. நீயும் அதிகாரியும் அந்தச் சலாமை நம்பினீர்கள்.

நீ அதை எரிக்க என்று இன்னும் தூள் போட்டாய். தூள் கூடக்கூட நிறமும் கூடியது. குளத்தில் எரிப்பதற்கு அவ்வளவு அழுக்கு இல்லை, அதனால் தூள் செலவாகாமல் அப்படியே நிற்கிறது. உப்பு கரிக்கிறது என்று சொல்லிச் சொல்லி உப்பையே அள்ளிப் போட்டிருக்கிறாய். உன் சமையல் கணக்கு இந்த ஒரு சரக்குக்குப் பொருந்தாது. இதற்கு முதலில் ருசி பார்க்க வேண்டும், தேவையென்றால் பிறகு போட வேண்டும். போட்டால் அது செலவாகும்வரை சோதனையை நம்பக் கூடாது.

ஆகையால் இருபத்தைந்தாம் தேதிவரை தூள் டின்னைத் திறக்காதே. குளோரின் மட்டும் வழக்கம் போல. கொஞ்சம் பழைய தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடு. மோட்டார் நன்றாக ஓடட்டும். உனக்குச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இந்த ஒரு தடவை சும்மா இரு.

என் வார்த்தையை நம்ப வேண்டாம், நம்ப மாட்டாய். இத்துடன் ஒரு சின்னப் பாட்டில் மருந்து பஸ் பார்சலில் வருகிறது. இரண்டு குப்பியில் ஒரே தண்ணீர் எடு. ஒன்றில் மட்டும் இந்த மருந்தைச் சொட்டு விட்டுக் கலக்கு. அது தூளை மட்டும் வாயடைத்துவிடும், குளோரினைத் தொடாது. பிறகு இரண்டிலும் மாத்திரை போடு. நீயே பார்.

தம்பி


ஏப்ரல் 18

டேய்,

மருந்து வந்தது. பார்த்தேன்.

ஒரே வாளித் தண்ணீர், இரண்டு குப்பி. மருந்து விட்டதில் வெளிறிய ரோஸ், இரண்டாம் மாத்திரை போட்டும் அப்படியே நின்றது. மருந்து விடாததில் பீட்ரூட். மகள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "அப்போ நம்ம தண்ணி நல்லாத்தான் இருந்துச்சாம்மா, இத்தனை நாளும்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது.

அதுவரை நல்லது. நீ சொன்னது சரி என்று எழுதிவிட்டேன், இந்த வரியைக் கத்தரித்துக் கடையில் மாட்டி வைத்துக்கொள்.

இனிமேல் எழுதுவதை மாட்ட மாட்டாய்.

எனக்கு ஒரு சந்தேகம் விடவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை மற்ற குளத்துக்காரர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? உன் மூட்டைத் தூள் மூன்று ஊருக்குப் போகிறது, ஒருவரும் குறை சொல்லவில்லை என்றாயே. அவர்கள் எல்லாரும் என்ன, பிறக்கும்போதே தெரிந்துகொண்டு பிறந்தார்களா? ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விடுதி ஒன்றில் குளம் இருக்கிறது. உன் கடைத் தூள்தான் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நேற்று நடந்து போனேன். அங்கே குளத்தைப் பார்க்கிற ஆள் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். அலமாரியைத் திறந்து டின்னைக் காட்டினார்.

டின்னில் லேபிள் இருந்தது.

மஞ்சள் காகிதம், கறுப்பு எழுத்து. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் ஒரு எழுத்தையும் விட மாட்டேன். நின்றபடியே முழுவதும் படித்தேன். எவ்வளவு போட வேண்டும், கையில் படக் கூடாது, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும். கடைசியில்: "இத்தூளைப் பயன்படுத்திய பின் செய்யப்படும் குளோரின் சோதனையில் தவறான அளவு காட்டக்கூடும்." உன் கடை முத்திரை.

வீட்டுக்கு வந்து என் டின்களை எல்லாம் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலி டின்களையும் பார்த்தேன். செடி வைத்திருக்கும் டின்னையும் விடவில்லை, மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட லேபிள் இல்லை. பசை இருந்த தடம்கூட இல்லை.

ஏன்?

சுற்றி வளைக்காமல் எழுது. ஒரு வரி போதும். அந்த வரி வரும்வரை உன் பேச்சைக் கேட்டுத் தூளைப் போடாமல் இருப்பதா, இல்லை உன் டின்னையே தூக்கி எறிந்துவிட்டு வேறு கடையில் வாங்குவதா என்று நான் முடிவு செய்யவில்லை.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

ஒரு வரி கேட்டாய்.

உனக்குப் படிக்கத் தெரியாது, உன் டின்னுக்கு லேபிள் எதற்கு வீண் என்று நினைத்து ஒட்டவில்லை.

அதுதான். பையன்கள் ஒட்டும்போது, "அக்கா டின்னுக்கு வேண்டாம்டா" என்று நான்தான் சொன்னேன். முதல் டின்னிலிருந்தே. வாயால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் நீ பேசுவதை நிறுத்திவிட்டாய். மகளிடம் போனில் அளவை மட்டும் சொன்னேன், சோதனையைப் பற்றிச் சொல்ல மறந்தேன். உன் கடிதம் வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. எழுத்தைப் பார்த்ததுமே. அதனால்தான் அதைப் பற்றி எழுதாமல் நெடி, மூக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

திட்டு. ஆனால் தயவுசெய்து தூளைப் போடாதே. வேறு கடையில் வாங்கினாலும் இந்தக் காரணத்துக்காக வாங்கு. அந்தத் தூளையும் இருபத்தைந்து வரை போடாதே.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

உன் கடிதத்தை மகளிடம் காட்டவில்லை. அவள் பார்வையில் நீ கொஞ்சம் உயரமாகவே இருக்கட்டும்.

திட்டு என்றாய். திட்ட எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நேரமும் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தேன். கடை திறந்த அன்று நீ சிரித்தது மற்றவர்கள் முன்னால், பெருமைக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மனுஷன் நாலு பேர் முன்னால் எதையாவது உளறுவான், வீட்டுக்குப் போனதும் நாக்கைக் கடித்துக்கொள்வான் என்று ஒரு மூலையில் வைத்திருந்தேன். இப்போது தெரிகிறது. யாரும் பார்க்காத இடத்திலும், பசைக் கிண்ணத்துக்குப் பக்கத்திலும், நீ அதையேதான் நினைத்திருக்கிறாய். அதுதான் எனக்கு உறைத்தது. உன் சிரிப்பு பரவாயில்லை. உன் சிக்கனம்தான் தாங்கவில்லை. ஒரு துண்டுக் காகிதம்.

இன்னொன்றும் யோசித்தேன். ஒரு வரி கேட்டேன், ஒரு வரியில் சொன்னாய். பையன்கள் மறந்துவிட்டார்கள், மழையில் நனைந்து உரிந்துவிட்டது என்று எழுதியிருக்கலாம். சின்ன வயதில் நீ அப்படித்தான் சொல்வாய். ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுக் காற்று என்றவன் நீ. அதனால் உன் சரக்கையே வாங்குகிறேன்.

தூளைத் தொடவில்லை. டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டேன், எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லாமல். தினமும் காலையில் போனதும், எதையும் போடுவதற்கு முன்னால், முதல் வேலையாக மாத்திரை பார்க்கிறேன். நிறம் நாளுக்கு நாள் இறங்குகிறது. இன்று காலை இரண்டாம் மாத்திரைக்குக் கன்னம் சிவக்கிற அளவுதான் சிவந்தது. புதுத் தண்ணீரும் விட்டாயிற்று. இருபத்தைந்துக்குள் அதுவும் போய்விடும். எனக்குத் துளி பயம் இல்லை. மகள்தான் நகத்தைக் கடித்துக்கொண்டு திரிகிறாள், அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள்.

இப்போது உனக்குத் தண்டனை. உன் லேபிளை நான் முழுக்கப் படித்தேன் என்று சொன்னேனே, அது நல்ல லேபிள் இல்லை. "பயன்படுத்திய பின் செய்யப்படும் சோதனையில் தவறான அளவு காட்டக்கூடும்" என்றால் யாருக்குப் புரியும்? அந்த விடுதி ஆளைக் கேட்டேன். அவர், "அது சட்டத்துக்காகப் போடுறதும்மா, யாரு படிக்கிறா" என்றார். அவர் தூளைச் சாயங்காலம் போட்டுவிட்டு ஒரு நாள் கழித்துத்தான் சோதிக்கிறார், அது அவருடைய வழக்கம், உன் லேபிளால் இல்லை. அதனால் அந்தக் கடைசி வரியை எடுத்துவிடு. நான் எழுதித் தருவதைப் போடு, பெரிய எழுத்தில், மேலே:

"முதலில் சோதித்துப் பார், பிறகு தூளைப் போடு. தூளைப் போட்டுவிட்டுச் சோதித்தால் மாத்திரை பொய் சொல்லும். அதை நம்பி இன்னும் போடாதே."

ஒரு எழுத்தை மாற்றினாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

இருபத்தைந்தாம் தேதி நீ வர வேண்டாம். நீ பக்கத்தில் நின்றால் நல்ல பெயர் உனக்குப் போய்விடும்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

வர வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வருகிறேன். லேபிளும் வருகிறது, மூடியும் வருகிறது.

குண்டு


ஏப்ரல் 26

குண்டுவுக்கு,

நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேத்தியோடு சத்தம் போட்டுக்கொண்டிருப்பது இந்த அறையில் கேட்கிறது. இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டு அவள் முன்னால் அசடு வழியாதே.

நேற்று நடந்ததை நீயும் பார்த்தாய், ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் குப்பியைப் பார்த்தேன். முதல் மாத்திரை, ரோஸ். இரண்டாம் மாத்திரையைப் போட்டு அவர் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், நிறம் நின்ற இடத்திலேயே நின்றது. அவர் இன்னொரு முறை எடுத்துப் பார்த்தார், இன்னொரு மூலையிலிருந்து எடுத்துப் பார்த்தார். போன தடவை அப்படி இருந்தது இப்போது எப்படி என்று கேட்டார். மகள் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "போன தடவ உங்களுக்காக விசேஷமா தூள் போட்டேன் சார். இந்தத் தடவ உங்களுக்காக ஒண்ணும் போடல." அவர் சிரித்துவிட்டார். பிறகு நான் உன் மருந்துப் பாட்டிலைக் காட்டி விவரம் சொன்னேன், அவர் உட்கார்ந்து கேட்டார், இப்படி ஒன்று இருக்கிறது என்று படித்திருக்கிறேன், இந்தக் குளத்தில் அதுதான் என்று தோன்றவில்லை என்றார். நேர்மையான மனிதர். கையெழுத்துப் போட்டார். குளம் நம்முடையதாகவே இருக்கிறது. இந்த நிமிடம் பிள்ளைகள் குதிக்கிற சத்தத்தில் உன் சத்தம் அமுங்கிப் போகிறது, அதுவே எனக்குப் போதும்.

இனி, நேற்றைய இன்னொரு விஷயம். அதிகாரி போன பிறகு நீ குஷியில் புது டின்னைத் தூக்கிக்கொண்டு ஈரப் படியில் செருப்போடு இறங்கினாய். அப்போது ஒரு குரல், "டேய் குண்டு, பாத்துடா" என்று கத்தியது உண்மை. நீ விழாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டின்னைக்கூட விடாமல், என்னைப் பார்த்து எல்லாப் பல்லையும் காட்டினாய். "அக்கா பேசிட்டா, அக்கா பேசிட்டா" என்று என் மகளிடம் போய்ச் சொன்னாய். உன் வயதுக்கு அது நன்றாக இல்லை.

நான் உன்னிடம் பேசவில்லை. இடுப்பிலிருந்து நழுவப் பார்த்த ஒரு குழந்தையிடம் பேசினேன். அந்தக் குழந்தையோடு எனக்கு எந்தச் சண்டையும் கிடையாது. கடை முதலாளியோடு இருக்கிற சண்டை அப்படியே இருக்கிறது. நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தக் குளத்துக்காரரை உன் கடைக்கு வரவழை, சாம்பல் சட்டையைப் போட்டுக்கொள், பொத்தான் தைத்துக்கொள். டீயும் இருக்கட்டும். லேபிளைக் கையில் கொடுத்து இதை எழுதியது யார் என்று அவரிடம் சொல். அன்று நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்க மாட்டேன், உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு பேசலாம்.

லேபிள் பார்த்தேன். மேலே, பெரிய எழுத்தில், நான் சொன்னபடியே. ஒரு எழுத்தும் மாறவில்லை. என் டின்னில் இரண்டு ஒட்டியிருக்கிறாய், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. காகிதத்தை வீணாக்கியிருக்கிறாய். பரவாயில்லை.

சாப்பாடு ஆகிவிட்டது, உள்ளே வா. வந்ததும் பேச்சுக் கொடுக்காதே, நான் பதில் சொல்ல மாட்டேன். உப்பு போதுமா என்று மட்டும் மகளிடம் சொல்.

நீ கொண்டுவந்த மூடியைத் தூக்குவாளியில் போட்டுப் பார்த்தேன். பொருந்தவில்லை. அது வேறு யாருடைய மூடியோ. என் மூடியில் விளிம்போரம் ஒரு நசுங்கல் இருக்கும், நீ நடை பழகும்போது தரையில் அடித்து நசுக்கியது. போய்த் தேடு. கிடைக்கவில்லை என்றால் கிடைக்கும்வரை ஒவ்வொரு மூடியாகக் கொண்டுவந்து போட்டுப் பார்.

அக்கா